பிள்ளையின் படிப்பும் பெற்றோரின் பொறுப்பும்

ஆவுடையார்கோவில் என இன்று வழங்கும் ஊரின் பழம்பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சர் வாதவூரரை, இவ்வூர்க் குருந்த மரத்தின் அடியில் இறைவனே குருவாய் அமர்ந்து ஆட்கொண்டான் என்பது தலவரலாறு. அவனே ஒரு முதியவர் வடிவில் வந்து தங்கி ஊர்ச் சிறுவர்க்குப் பாடம் சொன்னான் என்றும், ஊரார் அவருக்கு உணவளித்து வந்தனர் என்றும் வேறொரு கதையும் இங்கு வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் அதனுள் நம் முன்னோரின் வழக்கம் ஒன்று பொதிந்து கிடக்கிறது. ஆசிரியரைப் பேணுவது பிள்ளைகளைப் பெற்றவர்களின் கடமை என்பதே அது.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அவ்வழக்கம் நிலவியது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, தம் ஆட்சிக்குட்பட்ட ஜில்லாக்களில் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பிள்ளைகள் பயில்கின்றனர் என்று 1822ஆம் ஆண்டில் கலெக்டர்களைக் கேட்டெழுதினார். அக்கணக்கு 1826இல் தொகுக்கப்பட்டபோது பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498 இருப்பதும், அவற்றில் 1,88,650 பேர் பயில்வதும் தெரியவந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். அவற்றைத் தாங்கி நின்றது அரசாங்கப் பணமன்று. பெற்றோர் கொடுத்த கட்டணமும் தானியமும் பண்டிகைக் காலத்துக் காணிக்கையுமே. கொடுப்பவர் கேட்பரன்றோ? மணலில் எழுதும் பையன் ஏட்டுக்கு எப்போது வருவான் என்று தந்தையார் ஆசிரியரை நேரே கேட்டார்; ஆசிரியரும் விடை சொல்லியாக வேண்டும். ஆயினும் இம்முறையின் குறையை மறைத்தலாகாது. கொடுக்க இயன்றவரின் பிள்ளைகளே பயின்றனர். பெண் குழந்தைகளும் தாழ்த்தப்பட்டோரின் குழந்தைகளும் பெரும்பாலும் திண்ணையின் ஓரத்தில் நிற்கவும் இயலவில்லை. பழமையைப் பாராட்டுவோர் இதனையும் சேர்த்தே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஊர் கூடி நடத்திய பள்ளி

நாடு விடுதலை பெற்ற பின்னர், எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்ற நோக்கம் எழுந்தது. அரசாங்கத்தின் கையில் இருந்த பொருளோ குறைவு. அந்நிலையில் பெற்றோரும் ஊராரும் வேறொரு முறையில் பள்ளிக்குத் துணை நின்றனர். 1956ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஊரார் அளித்த நெல்லும் பருப்பும் பணமுமே அதற்குத் தொடக்கத்தில் ஊன்றுகோலாய் அமைந்தன. பின்னரே அரசாங்கம் செலவில் பெரும் பகுதியை ஏற்றது. 1958ஆம் ஆண்டில், அந்நாளைப் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. ஒருவர் நிலம் தந்தார். ஒருவர் கரும்பலகை தந்தார். மற்றொருவர் மேசை, நாற்காலி, கடிகாரம் தந்தார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துத் தந்தோரும் உண்டு. அதன்பின் மாநிலம் எங்கணும் இத்தகைய மாநாடுகள் ஊர்த் திருவிழாக்களைப் போல் நடைபெற்றன.

அதே 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தின் பயனாகத் தோன்றிய பஞ்சாயத்து யூனியன்களிடம் தொடக்கப் பள்ளிகள் ஒப்படைக்கப்பட்டன. 1981இல் அப்பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆயினர். ஆயினும் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பெயரே நிற்கிறது. கட்டடமும் ஒன்றியத்தின் பொறுப்பிலேயே இருந்துவருகிறது. கல்வித் துறையைச் சாராத என்னைப் போன்ற வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்குப் பள்ளியோடு உள்ள தொடர்பு இவ்வழியே ஏற்பட்டது.

அம்மாநாடுகள் செய்த நன்மையை மறுப்பாரில்லை. எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பள்ளிக்குக் கடிகாரம் வாங்கித் தந்த பெரியவர், அதில் மணி பார்க்கத் தம் மகனுக்குத் தெரியுமா என்று வினவினாரா? சிலர் வினவியிருப்பர். பலர் கொடுத்த அளவில் கடமை முடிந்தது என்று இல்லம் திரும்பியிருப்பர். பெற்றோரின் பங்கு என்றால் பொருள் கொடுப்பது என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. இன்றும் அது முற்றும் நீங்கவில்லை.

சட்டம் அளித்த இடம்

2009ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையைப் பள்ளியிற் சேர்ப்பது பெற்றோரின் கடமை என அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. 21ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைத்தல் வேண்டும். அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் இக்குழுக்கள் இருபதின்மர் கொண்டனவாகப் புதிதாக அமைக்கப்பட்டன. தலைவர் பொறுப்பு, அப்பள்ளியில் பயிலும் பிள்ளையின் தாய் ஒருவருக்கே உரியதென வகுக்கப்பட்டது. 2024இல் முன்னாள் மாணாக்கரையும் சேர்த்து உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆயிற்று.

கூலி வேலைக்குச் செல்லும் ஒரு தாய் தலைவர் நாற்காலியில் அமர்வதும், தலைமையாசிரியர் அவருக்குக் கணக்குக் காட்டுவதும் சிறிய மாறுதல் அல்ல. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆனால் அக்குழுக்கள் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பதையும் காணல் வேண்டும். ஒன்றிய அலுவலகத்துக்குப் பள்ளிகளின் பொருட்டு வரும் மனுக்களைப் புரட்டினால் அது விளங்கும். சுற்றுச்சுவர் வேண்டும், கழிவறைக்குத் தண்ணீர் வேண்டும், ஓடு பெயர்ந்துவிட்டது, மழையில் மைதானம் குளமாகிறது. இவை யாவும் நியாயமான கோரிக்கைகளே. நிறைவேற்றுவது எங்கள் கடமை. ஆனால், ‘என் பெண் நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டாள், இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை, இதற்கு என்ன செய்வது?’ என்று ஒரு தாய் கொடுத்த மனுவை நான் இதுவரை கண்டதில்லை. அத்தகைய பெண் ஒருத்தியும் இல்லை என்பது அதன் பொருளன்று. தாய்க்கு அது தெரியவில்லை என்பதே பொருள்.

ஏன் தெரிவதில்லை? காரணங்கள் மறைவானவை அல்ல. பிள்ளை மாலையில் வாய்விட்டுப் படிக்கிறது. ஒலி தெளிவாக இருக்கிறது. தாய் மகிழ்கிறாள். அப்பிள்ளை வகுப்பில் பலமுறை கேட்டு மனத்திற் பதித்துக்கொண்ட பாடத்தைப் படத்தைப் பார்த்து ஒப்பிக்கிறதேயன்றி, எழுத்தைப் பார்த்துப் படிக்கவில்லை என்பதை எழுத்தறியாத தாய் எங்ஙனம் அறிவாள்? மேலும், தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எவரையும் தேர்ச்சியின்றி நிறுத்துவதில்லை. இது நல்ல ஏற்பாடே. பத்து வயதுப் பிள்ளையைத் தோற்றவன் என முத்திரையிட்டு மாடு மேய்க்க அனுப்பிய காலத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் தேர்ச்சி என்ற செய்தி வீட்டுக்கு வருவதால், பெற்றோர் ஐயம் கொள்ள இடமில்லாது போகிறது. முதன்முதலாக உண்மை வெளிப்படுவது பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வின் முடிவில். அன்று பிள்ளைக்கு வயது பதினைந்து. இரண்டாம் வகுப்பில் விடுபட்ட எழுத்தைத் திரும்பக் கற்பிக்க அப்போது காலம் மிகக் கடந்துவிடுகிறது.

பிற இடங்களில் கண்டறிந்தவை

பெற்றோரைக் கூட்டிவைத்துக் குழுவின் உரிமைகளை எடுத்துரைத்தால் பள்ளி திருந்திவிடும் என்று நம்புவோர் உத்தரப் பிரதேசத்து ஜான்பூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வை அறிதல் நலம். பின்னர் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரும் அவர்தம் துணைவரும், ‘பிரதம்’ என்ற தொண்டு நிறுவனத்தோடு இணைந்து 2005-06இல் அதனை நடத்தினர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஊர்கள் 280. சில ஊர்களில் கூட்டம் நடத்திக் கல்விக் குழுவின் கடமைகள் விளக்கப்பட்டன. சில ஊர்களில் அத்துடன், பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியுமா என்று ஊராரே சோதித்து ஊர்க்கூட்டத்தில் அறிவிக்கும் முறையும் கற்பிக்கப்பட்டது. வேறு சில ஊர்களில் இவ்விரண்டோடு, உள்ளூர் இளைஞர்கள் மாலை நேரத்தில் படிப்பு முகாம் நடத்தப் பயிற்சி பெற்றனர். எஞ்சிய ஊர்களில் எதுவும் செய்யாது ஒப்பிட்டுப் பார்த்தனர்.

விளைவு யாது? தங்கள் ஊரில் கல்விக் குழு என ஒன்று இருப்பதையே பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் தொடக்கத்தில் அறிந்திருக்கவில்லை. உறுப்பினர் சிலரே தாம் உறுப்பினர் என்பதை அறியார்! கூட்டங்கள் நடந்த பின்னும் பெற்றோரோ குழுவோ பள்ளியின் நடைமுறையில் மாறுதல் எதனையும் உண்டாக்கவில்லை. மாலை முகாமுக்கு வந்த பிள்ளைகள் மட்டும் படிக்கக் கற்றனர். முன்னர் ஓர் எழுத்தும் அறியாதவர்களில் முகாமுக்கு வந்தோர் பெரும் முன்னேற்றம் கண்டனர்.

இதிலிருந்து கூட்டம் வீண் என முடிவு கட்டுதல் கூடாது. ஊரின் பிள்ளைகளில் இத்தனை பேருக்குப் படிக்கத் தெரியாது என்று ஒலிபெருக்கியில் சொன்னால், ஒவ்வொருவரும் அது அடுத்த வீட்டுப் பிள்ளை என எண்ணிக்கொள்வர். ஒருவருடைய பிள்ளையைப் பற்றி அவரிடமே சொல்லுதலும், நாளை காலையில் இன்னது செய்க என்று கைக்கொள்ளக்கூடிய ஒன்றைச் சொல்லுதலும் வேறு வகையின.

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ரெபேக்கா டைசன்-ராஸ் என்பார் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கும். அங்கும் பெற்றோர் தம் பிள்ளைகளின் படிப்பு நிலையைத் தவறாகவே எண்ணியிருந்தனர். ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் எளிய முறையில் தனித்தனியே விளக்கிய பின்னர், பெற்றோர் தம் செயலை மாற்றிக்கொண்டனர். பிள்ளையின் தரத்துக்கு ஏற்ற பயிற்சி நூலைத் தேர்ந்தெடுத்தனர். ஆனால் அதே ஆய்வில் கவலைக்கிடமான செய்தி ஒன்றும் உண்டு. நன்கு படிக்கும் பிள்ளையைப் பள்ளியில் வைத்துக்கொண்டு, பின்தங்கிய பிள்ளையை நிறுத்தும் போக்கும் காணப்பட்டது. நம் ஊர்களிலும் ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்ற ஒரு சொல் எத்தனை பிள்ளைகளைத் திருப்பூர்ப் பனியன் ஆலைகளுக்கு அனுப்பியிருக்கிறது! ஆதலின் உண்மையைச் சொல்லும்போது, அக்குறை நீங்கக்கூடியது என்பதையும், நீக்க ஆசிரியர் செய்யப்போவது யாது, வீட்டில் செய்ய வேண்டுவது யாது என்பனவற்றையும் அதே மூச்சில் சொல்லுதல் வேண்டும். அங்ஙனம் சொல்ல இயலாத ஆசிரியர் சொல்லாதிருப்பதே நலம் எனவும் தோன்றுகிறது.

எழுத்தறியாத தாய் என் செய்வாள்?

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டில் பிறந்த முத்துலட்சுமி அம்மையாரின் கதையைப் பலரும் அறிவர். பெண்கள் உயர்கல்வி பெறுவதை ஊர் எதிர்த்த நாளில், தந்தையார் நாராயணசாமி ஐயர் மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தேர்வுக்கு ஆயத்தம் செய்தார். மன்னரின் இசைவால் அம்மையார் ஆடவர் பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்து 1912இல் மருத்துவர் பட்டம் பெற்றார். தந்தை ஒருவரின் உறுதி எத்துணைப் பெரியது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இச்சான்று இருக்கிறது. எனினும் அவர் கற்றறிந்த தந்தை, கல்லூரியோடு தொடர்புடையவர். வானம் பார்த்த கண்மாய்ப் பாசனத்தை நம்பி நாற்று நடுபவரும், கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுபவரும், மீமிசல் கரையில் வலை இழுப்பவரும் அவரைப் போல் வீட்டில் பாடம் சொல்ல இயலுமா? “எங்களுக்கு என்னங்க தெரியும்? வாத்தியார் பார்த்துக்கொள்வார்” என்ற விடையே பெரும்பாலும் வருகிறது.

இவ்விடை பணிவினால் பிறந்தது; உண்மையினால் அன்று. பாடம் சொல்லித் தருவது வேறு. பாடம் வந்ததா என அறிவது வேறு. சமைக்கத் தெரியாதவரும் உப்புக் குறைவதை அறிவரன்றோ?

முதலாவது, படிப்பைச் சோதிக்கும் வழி. பாடநூலை ஒப்பிக்கும் பிள்ளையைப் பாடநூலைக் கொண்டே சோதித்துப் பயனில்லை. பிள்ளை முன்பு பார்த்திராத எழுத்தை எடுத்துக் கொடுத்தல் வேண்டும். திருமண அழைப்பிதழ், பேருந்தின் பெயர்ப் பலகை, நியாய விலைக் கடையின் அறிவிப்பு, நாட்காட்டித் தாள் ஆகிய எவையும் ஆகும். விரல் வைத்துப் படிக்கச் சொல்க. விரல் ஓரிடத்தில் நிற்க, வாய் மட்டும் ஓடுமாயின் அது படிப்பன்று என எழுத்தறியாதவரும் கண்டுகொள்ளலாம். அழைப்பிதழில் மாப்பிள்ளையின் பெயர் எங்கே, ஊர்ப் பெயர் எங்கே என்று கேட்கலாம். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி அதனை மட்டும் படிக்கச் சொல்லலாம். மறுநாள் அதே சொல்லைத் தொட்டால் அதே விடை வருதல் வேண்டும். நாள்தோறும் ஐந்து நிமிடம் இதற்குப் போதும். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்திலேயே செய்யலாம்.

தமிழ் எழுத்து 247 எனக் கேட்டு மலைப்போர் உண்டு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. எஞ்சிய 216 உயிர்மெய்களும் இவற்றின் சேர்க்கையே. கா, கி, கீ எனக் குறிகள் சேரும் முறையை ஒரு வரிசையில் பிடித்துக்கொண்ட பிள்ளை மற்ற வரிசைகளைத் தானே பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். எனவே பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பதைக் கேட்டறிதல் முக்கியம். ஒற்றைக் கொம்பிலும் இரட்டைக் கொம்பிலும் குழம்புகிறதா, புள்ளி வைத்த மெய்யில் நிற்கிறதா என்பதை ஆசிரியர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். 2022ஆம் ஆண்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், வயதைப் பாராது நிலையைப் பார்த்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்தனர். ‘என் பிள்ளை எந்த நிலை? அடுத்த நிலைக்குச் செல்ல எது குறைகிறது?’ என்ற இரண்டு வினாக்களைக் கேட்க எந்தப் பட்டமும் வேண்டா.

கணக்கிலோ, தாயே நல்ல தேர்வாளர். எழுத்தறியாத பெண்கள் கூலியைக் கணக்கிடுவதிலும், மகளிர் சுய உதவிக் குழுவின் தவணையைக் கூட்டுவதிலும் தவறுவதை நான் கண்டதில்லை. மரக்கால், படிக் கணக்கை விரல் மடித்துச் சொல்லும் மூதாட்டியர் இன்னும் இருக்கின்றனர். ‘ஐம்பது ரூபாய் கொடுத்து முப்பத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு?’ என்று கேட்டால், விடை சரியா என்பதைத் தாய் உடனே அறிவாள். பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதும் பாடமே.

நம் மாவட்டத்தில் இன்னொரு வலிமையும் உண்டு. 1991-92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெரு வெள்ளமெனப் பரவிற்று. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அவர்கள் அதனை முன்னின்று நடத்தினார். வயல் வேலை முடிந்த இரவு நேரத்தில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து பெண்கள் எழுத்துக் கூட்டினர். கல் உடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுத் தாமே சந்தைக்கும் பள்ளிக்கும் மிதித்துச் சென்றனர், பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதனை உலகறிய எழுதினார். அன்று இருபத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டியவர் இன்று அறுபதை எட்டிய அப்பத்தா, அம்மாச்சி. பெற்றோர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் வீடுகளில் பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர் இவர்களே. மறந்த எழுத்தைப் பேத்தியோடு சேர்ந்து மறுபடி கூட்டிப் படிக்கும் பாட்டியினும் சிறந்த துணை அப்பிள்ளைக்கு வேறில்லை. இராசஸ்தானத்து அஜ்மீரிலும் பீகாரத்துப் பூர்ணியாவிலும் தாய்மாருக்கு எழுத்தும், பிள்ளையோடு வீட்டிற் செய்யத்தக்க சிறு பயிற்சிகளும் கற்பித்த ஒரு முயற்சியில், பிள்ளைகளின் கணக்கறிவும் சிறிதளவு உயர்ந்ததாக ஆய்வாளர் கண்டனர். சிறிதளவே எனினும், ஆசிரியர் எண்ணிக்கை கூடாமல், கட்டடம் எழுப்பாமல் கிடைத்த பயன் அது.

ஒரு நாள் விடுப்பு

ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 நாட்களேனும் பள்ளி நடைபெற வேண்டும் எனக் கல்வி உரிமைச் சட்டம் விதித்துள்ளது. வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளை நின்றுவிட்டால் 40 நாள் போயிற்று. ஐந்தாண்டில் 200 நாள், அதாவது முழுதாக ஓர் ஆண்டுப் படிப்பு. ஒரு நாள்தானே என்று நிறுத்தும் பெற்றோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

யார் நிற்கிறார்கள் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண் குழந்தைகளே அதிகம். நடவு, அறுப்புக் காலங்களில் இது மிகும். கைக்குழந்தையை அங்கன்வாடியில் விட்டால் அக்காள் பள்ளிக்குச் செல்லலாம். இரண்டு கட்டடங்களும் பல ஊர்களில் அருகருகே இருந்தும் இந்த எளிய இணைப்பு நினைவுக்கு வருவதில்லை. உணவைப் பொறுத்தவரை குறையில்லை. 1982 முதல் சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட காலை உணவும், விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாய்மாரின் சுமையைப் பெரிதும் குறைத்துள்ளன. காலை உணவு வந்தபின் பிள்ளை நேரத்தோடு வருகிறது என ஆசிரியர் பலர் என்னிடம் கூறினர்.

கைப்பேசியைப் பற்றி ஒரு சொல். தொற்றுக் காலத்தில் அதுவே வகுப்பறை ஆயிற்று. அது தவிர்க்க இயலாதது. பள்ளிகள் திறந்த பின்னும் இரவு பத்து மணி வரை அது பிள்ளையின் கையிலிருந்து இறங்கவில்லை. அயல்நாட்டுத் தந்தை அனுப்பிய விலையுயர்ந்த கைப்பேசி, அவர் அனுப்பிய படிப்புச் செலவை விழுங்குவதைக் காண்கிறோம். அதே கைப்பேசியில் நாள்தோறும் இரவு பிள்ளையை ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்கும் தந்தையரும் உண்டு. கடல் கடந்தும் பெற்றோராய் இருத்தல் இயலும்.

கூட்டத்தை எப்போது கூட்டுவது?

இதுகாறும் பெற்றோருக்குச் சொன்னேன். அலுவலர்க்கும் ஆசிரியர்க்கும் சொல்ல வேண்டியது உண்டு. பள்ளிக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடைபெறுகிறது. அந்நேரத்தில் நடவுக்கும் மண் வேலைக்கும் சென்றவர் வரவேண்டுமாயின் அரை நாள் கூலியை இழத்தல் வேண்டும். அவ்விழப்பைக் கணக்கிடாது, ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என அறிக்கையில் எழுதுவது நேர்மையாகாது. விதித்த கூட்டத்தை விதித்தபடி நடத்துக. ஆனால் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச, மாலையில் ஒரு நாளோ, வேலைக்குப் போகும் வழியில் காலையில் ஒரு நாளோ வாயிலில் நின்று பேசினாலும் போதும்.

பேசும் முறையும் நோக்கத்தக்கது. பெற்றோரைத் தரையில் அமர்த்தி, அலுவலர் மேடையில் அமர்ந்து, இரண்டு மணி நேரம் சொற்பொழிவாற்றினால் அங்குக் கேள்வி பிறக்குமா? சேரியிலிருந்து வந்த தாய் கடைசி வரிசையில் வாய் திறவாது இருந்துவிட்டுப் போகிறாள். அவளுடைய பிள்ளையைப் பற்றி அவளிடம் தனியே பேசுதல் வேண்டும். முதற்சொல் பிள்ளையின் நற்பண்பைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். பள்ளியிலிருந்து ஆள் வந்தால் குற்றம் சொல்லத்தான் வருகிறார் என்ற அச்சம் அப்போதுதான் நீங்கும். பிள்ளையின் எதிரில் பெற்றோரைக் கடிந்துகொள்வதை அறவே விடுதல் வேண்டும். தாயை மதியாத இடத்தில் பிள்ளை கற்க விரும்பாது.

மேலாண்மைக் குழுக்களுக்கு ஓர் ஏற்பாட்டைப் பரிந்துரைக்கின்றேன். இதற்கு அரசாணையோ நிதியோ வேண்டா. அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவரைப் பற்றிய தீர்மானத்தை எழுதி முடித்த பின், பெற்றோர் தத்தம் பிள்ளையை அருகில் அழைத்து அமர்த்திக்கொள்க. ஆசிரியர், பிள்ளை முன்பு பாராத நாலு வரியை எடுத்துக் கொடுப்பார். பிள்ளை தாயின் காது கேட்கப் படிக்கட்டும். பிறர் கேட்க வேண்டுவதில்லை. பிறகு ஒரு கழித்தல் கணக்கு. எந்த இடத்தில் நின்றது, அடுத்த மாதத்துக்குள் எதைக் கற்பிக்கப் போகிறோம் என்பதை ஆசிரியர் அப்போதே தாயிடம் சொல்லிவிடுவார். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். முப்பது பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆசிரியர் இருவர் இருப்பின் முக்கால் மணியில் முடிந்துவிடும்.